வெடி கேக்கேல்லை

எல்லாம் முடிந்தமாதிரித்தான். மரத்தை வெட்டி, உரஞ்சி, எண்ணெய் பூசியாயிற்று. துவக்கின் குழல் கருநீலமாய் மினுங்கிக்கொண்டு கிடந்தது. பின்கட்டையைக் குறைத்து மகள் சாம்பவியின் தோளுக்கு அளவாய்ப் புது றப்பரும் வைத்தாயிற்று. இனி அந்த பிஸ்கற் பேணிக்குள் கிடக்கிற போல்ற்றை, ரவையைத் தள்ளிப் பூட்டுகிற அந்த இரும்புத் தண்டை, எடுத்துத் துவக்கில் போட்டு, பக்கத்து வீட்டு றேமண்ட் தந்த உருக்குக் கட்டையை உள்ளே வைத்து, ஒருதரம், ஒரேயொருதரம், முன்னுக்குத் தள்ளிக் கைபிடியை அமத்திப் பார்த்தால் சரி. எப்பன் வேலை, ஒரு நிமிஷத்து வேலை. அந்த எப்பன் வேலைக்காகக் குகதாசன் காலமை எழும்பினதிலிருந்து பேஸ்மென்றுக்குள் இறங்குவதும், தேத்தண்ணி ஊற்ற மேலே ஏறுவதும், ஊற்றின தேத்தண்ணியை மேசையிலேயே ஆறவிட்டுத் திரும்ப இறங்குவதுமாய் நிற்கிறான். வெளியே கனடாவின் சட்பரி நகரத்து நவம்பர். நிலமட்டத்தில் இருந்த சின்ன ஜன்னலுக்குள்ளால் பழுப்புப் புல்லும், அதுக்கு மேலே ஒட்டியும் ஒட்டாமலும் கிடந்த முதல் பனியும் தெரிந்தன. மனைவி பவானியும் மகளும் சாமான் வாங்கக் கடைக்குப் போய்விட்டார்கள். வீடு ஒரு சத்தமும் இல்லாமல் கிடந்தது. வீடு இப்படிக் கிடந்தால் அவனுக்குப் பிடிக்காது. வெறும் வீட்டில் காது தன்ரபாட்டில் எதையோ எதிர்பார்க்கத் தொடங்கிவிடும். எதை என்று அவனுக்குத் தெரியும். இளவயதிலிருந்து இதுதானே பிழைப்பு.

துவக்கு வேலை தெரிந்தவனுக்கு இதிலே விளங்காமல் இருக்க ஒன்றுமில்லை. ரவையின் அடிக்கும் போல்ற்றின் முகத்துக்கும் இடையில் மயிரளவு இடைவெளிதான் இருக்கலாம். கூடிப்போனால் வெடிக்கிற நேரம் ரவைக்கோது கிழிந்து, நெருப்பும் காற்றும் பின்பக்கமாய், சுடுகிற ஆளின்ர கண்ணுக்கே வரும். அதைச் சோதிக்கத்தான் இந்தக் கட்டை. கட்டையை வைத்துப் போல்ற்றை மூடப் பார்க்கவேணும். கைபிடி பாதியில் இறுகி நின்றால் துவக்கு நல்லது. முழுக்க இறங்கி மூடினால் பிழை. பழைய பட்டாளத்துத் துவக்குகளிலே போல்ற் ஒன்றிலிருந்தும் உடம்பு வேறொன்றிலிருந்தும் வந்திருக்கும், ஆரும் பார்த்தா மாட்டினார்கள்? அதனாலே மரத்தைத் தொட முதலே இதைப் பார்க்கவேணும். எந்த விசரனும் இதைத்தான் முதலில் பார்ப்பான். குகதாசன் மட்டும் மரத்திலே தொடங்கினான். பேந்து குழல். பேந்து றப்பர். பேந்து தொலைகாட்டி பூட்டுகிற கட்டை. இப்போது செய்ய ஒன்றுமே மிச்சமில்லாமல் வந்து நிற்கிறான். போன கிழமை றேமண்ட் வேலிக்கு மேலாலே, குகதாசன் என்று சொல்ல வாய் வராமல், “கஸ், அந்த இடைவெளியைப் பார்த்தாயா?” என்று கேட்டபோது, “பார்த்தன், பார்த்தன், நல்லாயிருக்கு” என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டான். றேமண்ட் சுரங்கத்திலே வேலை செய்து காது அரைவாசி போன மனுஷன், ஆனால் கண் பொல்லாத கண். நம்பினானோ தெரியாது. வாற சனிக்கிழமை சாம்பவி இந்தத் துவக்கோடை மான் வேட்டைக்குப் போகிறாள். அவளின்ர வலக்கண் இந்தப் போல்ற்றுக்கு ஒரு சாண் பின்னாலே இருக்கும்.

நினைத்துக்கொண்டும் கை பேணிக்குப் போகவில்லை. துணியை எடுத்து மரத்தைத் துடைத்தது. மரம் திரும்பவும் வியர்த்திருந்தது. இது ஒரு சனியன். எத்தனை வருஷம் கிறீசுக்குள் அமிழ்ந்து கிடந்த மரமோ, ஹீற்றர் ஓடுகிற நேரமெல்லாம் உள்ளே ஊறினது வெளியே கசியும். கோடையிலே கறுப்புப் பையில் சுற்றிக் காருக்குள் வெயிலில் வைத்து எடுத்தாயிற்று, சுடுதண்ணி ஊற்றியாயிற்று, எண்ணெய் உறிஞ்ச மாக்கல்தூள் அப்பிப் பார்த்தாயிற்று. கொஞ்சம் அடங்கும், திரும்பக் கசியும். கசிந்தாலும் பரவாயில்லை, ஆனால் எங்கே கசிகிறது பார். முன்கட்டையில், இடக்கை பிடிக்கிற இடத்திலே. நாலு விரலும் ஒரு பெருவிரலும் கிடந்தமாதிரிக் கறுப்பு. ஆரோ ஒருத்தன், பல பேராகவும் இருக்கலாம், பிடித்துப் பிடித்து ஊறின அழுக்கு. உரஞ்சினான், போனது. அடுத்தநாள் ஹீற்றர் ஓட, அதே இடத்தில், அதே ஐந்து விரலும் வந்து நின்றன. இன்னும் உரஞ்சினால் மரம் மெலிந்து போகும். ஒருநாள் தன் இடக்கையை அந்தக் கறுப்புக்கு மேலே வைத்துப் பார்த்தான். அளவாய் இருந்தது. கையைக் கழுவு கழுவு என்று கழுவினான். பவானி மேலே நின்று, “துவக்குக்கு வைக்கிற எண்ணையை உங்கடை தலைக்கு வைச்சிருந்தா நாலு மயிராவது மிஞ்சியிருக்கும்” என்றாள். சிரித்தான். சும்மா சொல்லக்கூடாது, அவளின்ர பகிடி இல்லாவிட்டால் இந்த வீட்டிலே அவன் எப்பவோ முற்றாக விசராகியிருப்பான்.

இதை வாங்கினவனும் அவனில்லை. றேமண்டின் கொட்டிலில், உடைந்த பனிச்சறுக்கு மட்டைகளுக்குப் பின்னாலே இது சாத்திக் கிடந்ததைச் சாம்பவிதான் கண்டவள். காட்டு விலங்குகளைப் பற்றிப் படிக்கிற பிள்ளை. தான் தின்னுகிற இறைச்சியைத் தானே வேட்டையாடிக் கொண்டுவரவேணும் என்று ஒரு நியாயம் வைத்திருக்கிறாள், அதிலே பிழையில்லை. “அப்பா, பாவம் இது, ஒருத்தரும் தொடாமக் கிடக்கு, இதையே திருத்துவம்” என்று இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினாள். அந்த மூக்கு. பின்கட்டையிலே அந்தப் பித்தளைத் தகடு. முனையிலே கத்தி பூட்டுகிற குமிழ். குகதாசன் ஒரு அடி பின்னுக்குப் போனான். சின்னவயதிலே ஊரிலே கண்டதும் இதே சாதித் துவக்கு. உலகம் முழுக்க இலட்சக் கணக்கிலே செய்து தள்ளினார்கள், அதிலே ஒன்று சட்பரியிலும் ஒன்று வன்னியிலும் இருந்தால் அதுக்கென்ன? வேண்டாம் பிள்ளை என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பாள். அவளுக்கு அவனின்ர தமையன் தயா அண்ணாவின் படம் தெரியும், சாமியறையிலே பூ வைக்காமல் மாட்டியிருக்கிற படம், ஏன் பூ வைப்பதில்லை என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. றேமண்ட் போல்ற்றை இழுத்துக் காட்டக் கையை வைத்தான். “வேண்டாம், வேண்டாம், கழட்டித் தாங்கோ, சட்டப்படி வேறையா வைக்கவேணும்” என்று பாய்ந்து தடுத்தான். அப்படி ஒரு சட்டமோ என்று றேமண்ட் தலையைச் சொறிந்தான். போல்ற் அன்றைக்குப் பேணிக்குள் போனது, இன்றைக்கு வரைக்கும் அங்கேதான். “நான் செய்து தாறன்” என்று மகளுக்குச் சொன்ன நேரத்திலே அவன் மனதில் இருந்ததை வெளியிலே சொன்னால் ஆரும் சிரிப்பார்கள். வெட்ட வேணும். முன்மரத்தைப் பாதியாய், மூக்கை இல்லாமல், குமிழை அராவித் தள்ளி, பின்னுக்கு றப்பர் வைத்து, மேலே தொலைகாட்டி வைத்து, அன்றைக்கு அதைப் பிடித்திருந்தவனே வந்து பார்த்தாலும் மட்டுக்கட்ட ஏலாத மாதிரி ஆக்கவேணும். ஆக்கியும் விட்டான். இப்போது வாங்கின் மேலே, அந்த நீட்டு வேலைமேசையிலே, கிடக்கிறது வடிவான வேட்டைத் துவக்கு. அந்த ஐந்து விரலைத் தவிர.

சத்தம்தான் பிரச்சினை. வெடிச்சத்தம் இல்லை, வெடிக்கு அவன் பயமில்லை. கனடா தினத்து வாணவெடிக்கு நாய்கள் கட்டிலுக்குக் கீழே போகும், இவன் வாசலில் நின்று கச்சான் கொறிப்பான். சூட்டுத்திடலிலே றேமண்ட் ஆச்சரியப்பட்டான், புதுசாய் வருகிற எல்லாரும் திடுக்கிடுவார்கள், கஸ், நீ கண்கூட வெட்டுறாயில்லை என்று. வெடி வந்தால் அவனுக்கு உண்மையிலே ஒருவித ஆறுதல். அதுக்கு முதல் வருகிற சத்தம்தான். சறுக் என்று ஒன்று முன்னுக்குப் போகும். டக் என்று ஒன்று கீழே இறங்கும். அவ்வளவுதான், பெரிய சத்தமுமில்லை. காரின் பெல்ற் பூட்டுகிற சத்தத்திலே அது கொஞ்சம் இருக்கிறது. தபால்பெட்டி மூடியிலே இருக்கிறது. முந்தியிருந்த குளிர்பெட்டியின் கதவிலே முழுக்க இருந்தது, நல்ல பெட்டி, பழுதென்று பொய் சொல்லிக் குப்பையில் போட்டான். டக் என்று கேட்டால் உடம்பு அப்படியே நின்றுவிடும். நின்று, காத்துக்கொண்டிருக்கும். அடுத்ததுக்கு. அடுத்தது ஒருநாளும் வராது.

அன்றைக்கும் வரவில்லை. அம்மா குளக்கட்டுக்கு அங்காலே வயலில் அருவி வெட்டுக்கு, நெல் அறுக்கப் போயிருந்தா. வீட்டிலே தயா அண்ணாவும் அவனும் மட்டும். துவக்கோடை வந்தவங்களைப் படலையடியிலே ஒருக்கால் கண்டவன்தான், ஆர் என்று இன்றைக்கும் அவனுக்குத் தெரியாது, அந்த நாளையிலே வாற ஆக்கள் பேர் சொல்லிக்கொண்டு வருவதில்லை. அண்ணாதான் அவன் முதுகிலே கையை வைத்து மாட்டுக்கொட்டிலுக்குள் தள்ளினவன். “வைக்கலுக்குள்ளை போ. நான் கூப்பிடுமட்டும் வரப்படாது.” அதுதான் அண்ணா கடைசியாய்ச் சொன்னது. வைக்கோல் மூக்குக்குள், வாய்க்குள், கழுத்துக்குள். ஓலைக்கிடுகின் ஓட்டைக்குள்ளாலே முற்றம் தெரியவில்லை. புளியமரத்தின் மேல்பாதிதான் தெரிந்தது. கொட்டிலுக்குப் பின்னாலே காலடி, ஒரு இருமல், கோபமில்லாமல் ஆரோ எதையோ கேட்கிற குரல், அண்ணா “ஓம் ஐயா” என்கிறது. பிறகு சறுக். பிறகு டக். பிறகு ஒன்றுமே இல்லை. இவ்வளவு வருஷமாய் அந்த ஒன்றுமில்லாததைத்தான் அவன் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். உலகமே நின்றுபோனமாதிரி. ஒன்றுதான் அவனுக்கு இன்றுவரைக்கும் விளங்கவில்லை. அந்தப் புளியமரத்துக் காகங்கள். டக் என்று கேட்டுக் கொஞ்சநேரத்தில் அவ்வளவு காகமும் ஒரேயடியாய் எழும்பின. அலகெல்லாம் திறந்திருந்தது. மரத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்தன. ஒரு காகம்கூடக் கத்தவில்லை. செத்த ஆக்களின் ஆவிகள் பறக்கிறமாதிரி, சத்தமே இல்லாமல், வாயைத் திறந்து திறந்து பறந்தன. ஆவி இருக்கிறது என்று அவன் நம்பினால் அந்தக் காகங்களாலேதான். இதை ஆருக்கும் சொன்னதில்லை. சொன்னால் பொடியன் பயத்திலே எதையோ கண்டிருக்கிறான் என்பார்கள்.

பொழுதுபட அம்மா வந்துதான் அவனை வெளியே இழுத்தா. முழங்கை இரண்டும் வைக்கோல் குத்திக் கீறி இரத்தம். அதுவும் ஒரு புதுமைதான், முகத்திலே ஒரு கீறல் இல்லை, முழங்கை மட்டும். அண்ணா இல்லை. குளக்கட்டு, பற்றைக்காடு, வாய்க்கால், ஊரே தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. அம்மா அவன்ர இரண்டு தோளையும் பிடித்துக் கேட்டது ஒரே கேள்வி. “மோனை, வெடி கேட்டதோ?” அவன் யோசித்துத்தான் சொன்னான். அவன் பொய் சொல்லவில்லை. “இல்லையெணை. கேக்கேல்லை.” அம்மாவின்ர முகத்திலே அந்த நேரம் வந்த வெளிச்சத்தை அவன் செத்தாலும் மறக்கமாட்டான். வெடி கேட்கவில்லை என்றால் சுடவில்லை. சுடவில்லை என்றால் கொண்டுபோயிருக்கிறாங்கள். கொண்டுபோனவனை ஒருநாள் விடுவாங்கள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மனுஷி இடம்பெயர்ந்தா, முகாமிலே இருந்தா, திரும்பி வந்தா, வெறும் வளவிலே கொட்டில் போட்டா, இப்போது வவுனியாவிலே தன்ர தங்கச்சி வீட்டில் இருக்கிறா. படத்துக்குப் பூ வைக்க விடமாட்டா, உயிரோடை இருக்கிறவனுக்கு ஏன் பூ என்பா. ஒவ்வொரு ஞாயிறும் போன் எடுத்து, சாப்பாடு, குளிர், மூட்டுவலி எல்லாம் கதைத்து முடிய, குரலைத் தணித்துக் கேட்பா: “நீ வடிவாத்தானே கேட்டனி? வெடி கேக்கேல்லைத்தானே?” “இல்லையெணை அம்மா, கேக்கேல்லை.” “அதுதானே.” வைத்துவிடுவா. இன்றைக்கும் ஞாயிறு. எடுக்கிற நேரம்தான்.

போதும், பேய்க்கதை. மேலே கராஜ் கதவு எந்த நேரமும் திறக்கும். சாம்பவி வந்தால் முதல் வேலையாய்க் கீழே ஓடிவந்து துவக்கைத் தோளிலே வைப்பாள். அப்பா செய்தது, அப்பா செய்தால் பிழைக்காது என்று கண்ணை மூடிக்கொண்டு நம்புவாள், பிறகு அந்தக் கண்ணைத் திறந்து தொலைகாட்டியிலே வைப்பாள். குகதாசன் பேணியைத் திறந்தான். பழைய சாரத்துண்டிலே சுற்றியிருந்த போல்ற் கைக்குக் கனமாய், குளிராய் இருந்தது. முதலில் உருக்குக் கட்டையை அது இருக்கவேண்டிய இடத்தில் வைத்தான். பிறகு போல்ற்றின் வாலைப் பிடித்துத் துவக்கின் பள்ளத் தவாளிப்பிலே விட்டான். அது ஒரு தடங்கலும் இல்லாமல் உள்ளே போனது, தன் வீட்டுக்குள்ளே போகிறமாதிரி. ஹீற்றர் சட்டென்று நின்றது. ஜன்னலுக்கு வெளியே பனிப்புல்லிலே இரண்டு மூன்று காகங்கள் எதையோ கொத்திக்கொண்டு நின்றன. மூடாதே, என்றான் போல்ற்றுக்கு. நல்ல துவக்கென்றால் மூடாது. பாதியிலே நிற்கும், சத்தம் வராது, சாம்பவி சனிக்கிழமை போகலாம், அந்தச் சத்தம் இல்லாமலே எல்லாம் முடிந்துவிடும். இரண்டு விரல் போதும், பலம் போடப்படாது என்று றேமண்ட் சொல்லியிருந்தான். இரண்டு விரலாலே தள்ளினான். சறுக். கைபிடியைத் தொட்டான். நில். நில்லு சனியனே. கைபிடி பாதிக்கு வந்தது. நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டு இறங்கியது. டக்.

பிறகு ஒன்றுமே இல்லை.

காத்துக்கொண்டு நின்றான். எவ்வளவு நேரமென்று தெரியாது. ஜன்னலிலே காகங்கள் எழும்பின, அலகு திறந்திருந்தது, சத்தமில்லை. வந்துவிட்டுதுகள், இவ்வளவு தூரம், கடல் தாண்டி, பனிக்குள்ளாலே. தலையை மட்டும் திருப்பிப் பார்த்தான். மாடிப்படியிலே சாம்பவி நின்றாள், தலையிலே பனித்தொப்பி, கையிலே போன். அவளின்ர வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. படியிலே ஓடிவந்தாள், சப்பாத்துக்கால், அதுக்கும் சத்தமில்லை. ஐயோ, இவளையுமா, என்று குகதாசனுக்குள்ளே ஆரோ கதறினது. அவள் கிட்ட வந்து, அவனின்ர மணிக்கட்டு இரண்டையும் பிடித்துப் பலமாய் இழுத்தாள்.

“அப்பா! என்னப்பா செய்யிறியள்? ஏன் காதைப் பொத்திக்கொண்டு நிக்கிறியள்?”

எல்லாம் ஒரேயடியாய் வந்து விழுந்தது. மேலே பவானி பைகளைத் தொம்மென்று வைக்கிற சத்தம். குழாய்த் தண்ணி. வெளியே காகங்கள், கா கா என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு கராஜுக்கு மேலாலே பறந்தன. குகதாசன் தன் கைகளைப் பார்த்தான். இரண்டு முழங்கையும் வாங்கின் விளிம்பிலே ஊன்றிச் சிவந்து போயிருந்தன. முழங்கை. வைக்கோலிலே ஊன்றின முழங்கை. ஏன் முழங்கை மட்டும் கீறினது என்று இவ்வளவு காலமாய்க் கேட்டானே, கை இரண்டும் காதிலே இருந்தால் வேறென்ன கீறும்? காகங்கள் கத்தியிருக்கும். அவ்வளவு காகமும் கத்திக்கொண்டுதான் எழும்பியிருக்கும். காகம் சும்மா எழும்புமா? வெடிக்குத்தான் எழும்பினதுகள். ஊர் முழுக்கக் கேட்டிருக்கும், வயலுக்குள் கனதூரத்திலே நின்ற அம்மாவைத் தவிர எல்லாருக்கும் கேட்டிருக்கும், கேட்டவர்கள் எல்லாம் அந்த மனுஷியின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அண்ணா, என்று நினைத்தான். அதுக்கு மேலே நினைக்க ஏலவில்லை.

சாம்பவி துவக்கைப் பார்த்தாள். கைபிடி கீழே இறங்கிக் கிடந்ததைப் பார்த்தாள்.

“மூடிட்டுதா?”

“மூடிட்டுது, பிள்ளை.”

“அப்ப கூடாது, என்ன?”

“கூடாது. இதை நீ தொடப்படாது. நான் றேமண்டுக்குப் பொய் சொன்னனான், நான் இதைப் பாக்கவேயில்லை. உன்ரை கண்ணிலை வெடிச்சிருக்கும்.” சனிக்கிழமை என்னவாகும் என்று அவள் கேட்கவில்லை. அதுக்காகவே அவளைக் கட்டிப்பிடித்து அழவேணும் போலிருந்தது.

“அப்பா, அப்பம்மா லைனிலை நிக்கிறா” என்று போனை நீட்டினாள். “கனநேரமா.”

வாங்கினான். அம்மா சாப்பாட்டைக் கேட்டா, குளிரைக் கேட்டா, வேறு என்னென்னவோ சொன்னா. அவன் ஓம் ஓம் என்றான். சாம்பவி வாங்கிலிருந்து துப்புரவான துணி ஒன்றை எடுத்து, கிட்ட வந்து, அவனின்ர காதைத் துடைக்கத் தொடங்கினாள். அங்கே கறுப்புக் கிறீஸ் விரல் விரலாய் அப்பியிருந்தது. அம்மாவின் குரல் தணிந்தது.

“மோனை, நீ வடிவாத்தானே கேட்டனி? வெடி கேக்கேல்லைத்தானே?”

புளியமரத்தைச் சுற்றிக் காகங்கள் கத்திக்கொண்டிருந்தன. கத்து கத்தென்று கத்தின, இவ்வளவு வருஷத்துக்கும் சேர்த்து. அதுக்கு மேலாலே அவன் சத்தமாய்ச் சொல்லவேண்டியிருந்தது.

“இல்லையெணை அம்மா. கேக்கேல்லை.”

“அதுதானே” என்றா அம்மா.

“மற்றக் காதைக் காட்டுங்கோ அப்பா” என்றாள் சாம்பவி.